பத்திரத்தில் எழுதாத பங்கு

வியாழன், விருதுநகர்

ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து கூட்டு வியாபாரப் பத்திரம் தயார் செய்வது என் பிழைப்பு. யாருக்கு எவ்வளவு பங்கு, லாபம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் என்ன கணக்கு என்று எல்லாப் பத்திரத்திலும் ஏறக்குறைய ஒரே ஷரத்துகள்தான். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பியதும் வேறொரு சட்டம் நடக்கும். பங்கே இல்லாத பெரியப்பா வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். மாமனார் போட்ட பணத்துக்கு வட்டி எழுதுவதில்லை, ஆனால் அவரைக் கேட்காமல் கிளை திறப்பதும் இல்லை. முப்பது சதவீதம் வைத்திருக்கும் மனைவிக்குக் கடையின் சாவி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

இந்த எழுதாத சட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க இந்த ஆடியில் ஒரு சுற்று கிளம்பியிருக்கிறேன். விருதுநகர், சிவகாசி, செட்டிநாடு, கடைசியில் கீரமங்கலம் பக்கம் ஒரு மொய் விருந்து. கூட வருபவர் என் மைத்துனர். வண்டி அவருடையது, எந்தக் கடையில் சாப்பிடுவது என்கிற முடிவும் அவருடையது.

மெயின் பஜாருக்குள் நுழைவதற்கு முன்பே வத்தல் நெடி தும்மலைக் கிளப்பிவிட்டது. மைத்துனருக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவரின் கமிஷன் கடையில் உட்கார இடம் கிடைத்தது. துவரை, உளுந்து, மல்லி, வத்தல் என்று மூட்டைகள் கூரை வரை. வாங்க வந்த ஒருவர் துவரை மூட்டையில் குத்தூசியைச் செருகி, வந்து விழுந்ததை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். ஒன்றைப் பல்லில் கடித்தார். ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். வியாபாரம் படியவில்லை என்று நினைத்தேன். அண்ணாச்சியோ பையனிடம், “அஞ்சு மூடைக்குப் பில்லு போட்டுரு” என்றார்.

அந்தப் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். விலை, கூலி எல்லாம் போட்டு, அடியில் ‘மகமை’ என்று ஒரு சின்னத் தொகை.

“இது யாருக்குப் போகுது அண்ணாச்சி?”

“ஊருக்குத்தான். நம்ம எடுக்க முடியாது.”

“குடுக்கலைன்னா?”

அவர் சிரித்தார். “குடுக்காம எப்படித் தம்பி? பிள்ளைக்குக் கல்யாணம் பேச வேண்டாமா?”

பத்திரத்தில் நான் எழுதும் எந்த ஷரத்துக்கும் இவ்வளவு பலம் கிடையாது.

இதன் பின்கதை சுகமானதல்ல. 19ஆம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து கருப்பட்டி, உப்பு, பருத்தி என்று வண்டி கட்டிக்கொண்டு வடக்கே வந்த நாடார் வணிகர்களுக்கு வழியில் பாதுகாப்பு இல்லை. இரவு தங்கச் சத்திரம் கிடைக்காது, கோயிலுக்குள் விட மாட்டார்கள். அதனால் வழிநெடுக மதில் வைத்த பேட்டைகள் கட்டி, அதற்குள் மாட்டையும் சரக்கையும் வைத்தார்கள். பேட்டைக்கு ஆன செலவை மூட்டைக்கு இவ்வளவு என்று பிரித்ததுதான் மகமை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் உறவின்முறை என்ற சாதிச் சபையில் உறுப்பினர். பொதுப்பணத்தைக் காப்பதும் தகராறு தீர்ப்பதும் அதன் வேலை. கோர்ட்டுக்குப் போனால் கௌரவக் குறைச்சல். 1899இல் சிவகாசி கலவரத்தில் வீடுகள் எரிந்த பிறகு இந்தக் கட்டு இன்னும் இறுகியது.

சேர்ந்த பணம் கோயிலானது, கிணறானது, பள்ளிக்கூடமானது. இங்குள்ள சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அதனால் அதற்குப் பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே பெயர். காமராஜர் படித்தது அங்கேதான். படிப்பை நிறுத்திய பிறகு அவர் போய் நின்றது மாமாவின் துணிக்கடையில். விருதுபட்டி என்று பெயர் இருந்த அந்தக் காலத்து விருதுநகரில் ஒரு பையனுக்கு இருந்த இரண்டு வாசல்களும் இவைதான்: உறவின்முறையின் பள்ளிக்கூடம், உறவுக்காரரின் கடை.

கடைப் பையன் முறை பற்றி அண்ணாச்சியிடம் நிறையப் பேசினேன். கிராமத்திலிருந்து வரும் பையன் கடையிலேயே சாப்பிட்டு, மூட்டை மேலேயே தூங்கி, சம்பளத்தை முதலாளியிடமே விட்டுவைப்பான். சில வருஷம் கழித்து அந்தத் தொகையோடு முதலாளி கொஞ்சம் சரக்கைக் கடனாகக் கொடுத்து வேறொரு தெருவில் கடை வைத்துக் கொடுப்பார். சென்னையில் தெருவுக்குத் தெரு அண்ணாச்சி கடை முளைத்தது பெரும்பாலும் இப்படித்தான். எம்.பி.ஏ. படிப்பில் இதற்கு நீளமான பெயர் ஏதாவது இருக்கும். இங்கே “பையனை ஆளாக்கி விட்டாச்சு” என்பதோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் யாருடைய பையன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களில் வருஷக்கணக்காக அங்கேயே இருக்கும் வேறு சாதிக்காரர்கள் உண்டு. அவர்களில் யாரையாவது கடை வைத்து விட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். “காசு குடுத்து உதவியிருக்கோம்” என்றார். உதவி வேறு, கடை வேறு என்று அவருக்கும் தெரியும். அப்புறம் டீ வந்தது, பேச்சு மாறியது.

பேச்சு மாறிப் போய் நின்றது வங்கியில். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று தொடங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. பெயரை மாற்றியபோது சமூகம் விட்டுக்கொடுத்தது. 1990களில் பெரும்பான்மைப் பங்குகள் எஸ்ஸார் குழுமத்தின் கைக்கும், அவர்களிடமிருந்து தொழிலதிபர் சிவசங்கரன் கைக்கும் போனபோது விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பணம் திரட்டிப் பங்குகளை மீட்கப் போராடினார்கள். கம்பெனிச் சட்டப்படி பங்கு என்பது விற்கவும் வாங்கவும் ஆன சரக்கு. இவர்களுக்கு அது பிடியரிசி போட்ட வீட்டின் சொத்து. அண்ணாச்சி இன்னும் “நம்ம பேங்க்” என்றுதான் சொல்கிறார். அவரிடம் ஒரு பங்குகூடக் கிடையாது.

இரவு எண்ணெய் பரோட்டா. மைத்துனர் சாப்பிட்ட எண்ணிக்கையை எழுதினால் தங்கை படிப்பாள்.

வெள்ளி, சிவகாசி

சிவகாசியில் அரை நாள்தான். 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை போட்டதிலிருந்து பட்டாசுக்காரர்கள் புது ஆளிடம் பேசத் தயங்குகிறார்கள். அச்சகக்காரர் ஒருவர் மட்டும் நேரம் கொடுத்தார். காலண்டர் சீசனுக்கான தாள் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

கதையின் தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை இல்லாத கரிசல் பூமி, வேலையில்லாத கைகள், காய வைக்க வெயில். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சு வந்தது, அச்சு வந்ததால் காலண்டர் வந்தது.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. வடக்கே ஸ்வீடன்காரர்களின் விம்கோ கம்பெனி எந்திரத்தில் தீப்பெட்டி செய்துகொண்டிருந்தது. அதோடு போட்டி போடச் சிவகாசிக்காரர்கள் பெரிதாகவில்லை, சின்னதாகவே இருந்தார்கள். உற்பத்தி குறைவாக இருந்தால் கலால் வரியும் குறைவு. அதனால் ஒரு பட்டறை வளர வேண்டிய இடத்தில் தம்பி பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று, சம்பந்தி பெயரில் ஒன்று என்று பிரிந்தது. காகிதத்தில் அத்தனையும் தனித்தனி முதலாளி. எல்லோருக்கும் நம்பகமான சொந்தம் இருந்ததால்தான் இந்த வித்தை பலித்தது. சொந்தத்தில் ஆள் குறைவாக உள்ளவர் என்ன செய்வார் என்று அச்சகக்காரரிடம் கேட்டேன். “வேலைக்குப் போவார்” என்றார்.

இந்த வளர்ச்சியில் பள்ளிக்கூடம் போகாமல் குச்சி அடுக்கிய பிள்ளைகளின் கணக்கும் உண்டு. அதை யாரும் பேரேட்டில் எழுதி வைக்கவில்லை.

மதியத்துக்கு மேல் மதுரையைச் சுற்றிக்கொண்டு திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி. பிள்ளையார்பட்டியில் நடை சாத்துவதற்குள் தரிசனம்.

சனி, கானாடுகாத்தான்

பிள்ளையார்பட்டியை நான் இதுவரை பிள்ளையார் கோயிலாக மட்டுமே பார்த்திருந்தேன். நகரத்தார்களுக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, அது குலத்தின் முகவரி. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்களில் அதுவும் ஒன்று. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்தது. கல்யாணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும், கோயில் ஏட்டில் பதிய வேண்டும். பதிந்த அன்று முதல் அந்தத் தம்பதி ஒரு புள்ளி. ஊர் வரி, கோயில் வரி எல்லாம் புள்ளிக் கணக்கில்தான்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தது. வாட்ச்மேன் கதவைத் திறந்தபோது உள்ளே கரிச்சான் குருவி ஒன்று வளவுக்குள் பறந்துகொண்டிருந்தது. முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள். சுற்றுலா வருகிறவர்கள் அதை நின்று படம் எடுப்பார்கள். என்னை நிற்க வைத்தது அதைத் தாண்டிய வளவு. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றிலும் வரிசையாகக் குட்டி அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. வீடு இவ்வளவு பெரியது, அறை ஏன் இவ்வளவு சிறியது?

கூட வந்த ஆச்சி விளக்கினார். எழுபதைத் தாண்டியவர், சென்னையில் மகனோடு இருக்கிறார், முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்காக ஊருக்கு வந்திருக்கிறார்.

“இது எங்க அப்பச்சியோட அறை. அது பெரியப்பச்சியோடது. கல்யாணம் ஆனா அறை குடுத்து வேறு வச்சுருவாக. அடுப்பும் தனி.”

“ஒரே வீட்டுக்குள்ள தனிச் சமையலா ஆச்சி?”

“ஆமா. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்புன்னு மாமனார் அளந்து குடுப்பாக. அதுக்குள்ள குடித்தனம் பண்ணணும். மிச்சம் பிடிச்சா அது அவளோடது.”

பின்கட்டில் அடுப்படிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். கரி படிந்த சுவர் ஓரம் வரிசையாக அடுப்புகள். ஒரே கூரை, ஒரே முற்றம், ஆனால் சோற்றுப் பானை மட்டும் ஒன்றல்ல. கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே சமையல், ஒரே பெட்டி, பெரியவர் கையில் சாவி என்று நாம் நினைத்திருக்கும் படத்துக்கு இது பொருந்தவே இல்லை.

இருபது வயசுப் பையனுக்கும் பதினாறு வயசுப் பெண்ணுக்கும் ஆண்டு பட்ஜெட் கொடுத்து, தனிக் கணக்கு எழுத வைத்து, பெரியவர்கள் கண் எதிரிலேயே நடத்த விட்டிருக்கிறார்கள். அந்தப் பையன் பிறகு மலேயாவிலோ பர்மாவிலோ தனியாக உட்கார்ந்து கடை நடத்தப் போகிறவன். அண்ணன் தம்பிகள் சேர்ந்து தொழில் செய்தாலும் யாருடைய பணம் எவ்வளவு என்பதில் குழப்பம் வராது. என்னிடம் வரும் குடும்பத் தகராறுகளில் பாதி, அடுப்பும் பெட்டியும் ஒன்றாக இருந்து திடீரென்று பிரிக்கப் போனதால் வந்தவை. இவர்கள் கல்யாணத்தன்றே பிரித்துவிட்டு, பிரிந்தவர்களாகவே சேர்ந்து இருந்திருக்கிறார்கள்.

பெண்ணோடு வந்த சீதனப் பணமும் கணவன் வீட்டுப் பணத்தோடு கலக்காது. ஆச்சிமார் பணம் என்று கடையில் தனிப் பற்று வரவு வைத்து வட்டி எழுதுவார்கள். கோயில் பணமும் அப்படியே தனிக் கணக்கில் கடைக்கு வரும். இன்றைய மொழியில் சொன்னால் அந்தக் கடையின் டெபாசிட்தாரர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுப் பெண்களும் சாமியும்தான். பணம் திரும்பி வராது என்ற பயம் இருவருக்கும் இல்லை.

ஆச்சியிடம், அப்படியானால் பெண்கள் கடையை நடத்தியிருக்கிறார்களா என்று கேட்டேன். “கணக்கு எல்லாருக்கும் தெரியும். வட்டியை வாயாலேயே போடுவாக எங்க அப்பத்தா. கடைக்கு யார் போறது?” என்றார். கேட்ட தொனியில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே அது புதுக் கேள்வியாக இருந்திருக்கலாம்.

மதியம் அவர் வீட்டிலேயே சாப்பாடு. மண்டி, கோழி வறுவல், கடைசியில் பால் பணியாரம். மைத்துனர் செட்டிநாட்டுக்குக் குடி வந்துவிடலாம் என்கிறார்.

ஞாயிறு, காரைக்குடி

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். வீடுகளை இடித்தபோது வந்த கதவுகள், எனாமல் தூக்குகள், ரவிவர்மா படங்கள். ஒரு கடையின் மூலையில் கட்டுக் கட்டாகப் பேரேடுகள் கிடந்தன. அனுமதி கேட்டு ஒன்றைப் பிரித்தேன். மேலே உ, அடுத்து சிவமயம், அதற்குக் கீழே ஊர் பேர். தொகைகள் தமிழ் எண்ணில், அரை, கால், மாகாணி எல்லாம் குறியீட்டில். அடித்தல் திருத்தல் ஒரு பக்கத்திலும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் மை ஒரே சீராக ஓடியிருந்தது. இதை எழுதியவர் எத்தனை வயதில் கற்றிருப்பார்?

அநேகமாகப் பன்னிரண்டு, பதிமூன்றில். பெட்டியடிப் பையனாகக் கடையில் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாள் ஆவது அவர்கள் ஏணி. மேலாள் என்பவர் ஏஜெண்ட். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். ரங்கூனிலோ பினாங்கிலோ கிட்டங்கி என்ற பொதுக் கட்டடத்தில் பெட்டி போட்டு உட்கார்ந்து கடன் கொடுப்பது, வாங்குவது, யாரை நம்புவது என்பதெல்லாம் மேலாள் முடிவு. கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும் காலத்தில் வேறு வழியும் இல்லை. மூன்று வருஷம் ஒரு கணக்கு. சம்பளத்தின் பெரும்பகுதியை முன்கூட்டியே ஊரில் இருக்கும் குடும்பத்திடம் கொடுத்துவிடுவார்கள். தவணை முடிந்ததும் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எடுத்து, அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏற வேண்டும். லாபத்தில் ஒரு பங்கு உண்டு. அதை வைத்துப் பலர் சொந்தக் கடை போட்டார்கள்.

கடல் தாண்டி இவ்வளவு பணத்தை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு முதலாளி எப்படித் தூங்கினார்? மேலாளின் மனைவி, பிள்ளைகள், வீடு, கோயில் எல்லாம் முதலாளியின் கண் எதிரில் செட்டிநாட்டில் இருந்தன. மனைவியைக் கப்பலேற்றிக் கூட்டிப் போகும் வழக்கம் அப்போது இல்லை. கணக்கில் கை வைத்தால் அந்த மனிதருக்கு வேலை மட்டும் போகாது, மகளுக்கு மாலை வராது. விருதுநகர் அண்ணாச்சி சொன்னதும் இதையேதான்.

வட்டி விகிதத்தைக்கூடக் கோயிலில் வைத்துத்தான் முடிவு செய்தார்கள். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி நடப்பு வட்டி இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். தண்டாயுதபாணி சாட்சி. மறுநாள் ஒருவர் கூட்டியோ குறைத்தோ கொடுத்தால் கேள்வி வரும்.

இவ்வளவு கட்டுக்கோப்பும் உள்ளுக்குள் மட்டும்தான். கடன் வாங்கிய பர்மிய விவசாயிக்கு அந்தக் கோயிலில் இடம் இல்லை. 1930க்குப் பிறகு அரிசி விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். வட்டித் தொழில் செய்ய வந்தவர்கள் விரும்பாமலேயே நிலக்கிழார்கள் ஆனார்கள். பர்மியர்களின் கோபமும் ஆறவில்லை. 1942இல் ஜப்பான் படை வந்தது, விடுதலைக்குப் பின் நிலமும் போனது. நாம் பாடும் செட்டிநாட்டுப் பெருமையில் இந்தப் பக்கத்தை யாரும் அதிகம் புரட்டுவதில்லை.

புரிந்துகொண்டு முன்பே திசை மாற்றியவர்களும் உண்டு. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். கிட்டங்கியின் பாதையிலேயே வங்கி நடந்து போயிருக்கிறது.

மாறாத ஒன்றும் இருக்கிறது. ஆண் பிள்ளை இல்லாவிட்டால் அதே கோயில் பங்காளிகளுக்குள் பிள்ளை கூட்டிக்கொள்வார்கள். தொழில் மகளுக்குப் போகாது. தமிழ்நாட்டில் 1989லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தரும் சட்டம் வந்துவிட்டது, 2005இல் நாடு முழுவதும் வந்தது. ஆனால் சொத்தில் பங்கு கொடுக்கச் சட்டத்தால் முடியும், நாற்காலி கொடுக்க முடியாது. 1900இல் பர்மாவில் தொடங்கிய முருகப்பா குடும்பத்தின் தலைமை நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில், மறைந்த எம்.வி. முருகப்பனின் மகள் வள்ளி அருணாசலம் 2020இல் இயக்குநர் பதவி கேட்டார். அணுப் பொறியியல் படித்தவர். 91 சதவீதத்துக்கு மேல் வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. 2023இல் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது. நிர்வாகத் தரத்துக்காகப் பேர் வாங்கிய குழுமம் அது. எழுதிய விதிகளில் அங்கே குறை சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

மாலை, நேற்றுப் பார்த்த வீட்டைப் பற்றி ஆச்சியிடம் போனில் கேட்டேன். அதற்கு இப்போது எத்தனை பேர் உரிமையாளர்கள் என்று அவருக்கே சரியாகத் தெரியாதாம். வெளிநாட்டில் சிலர், வாரிசுச் சான்றிதழ் வாங்காதவர்கள் சிலர். ஓட்டல்காரர் ஒருவர் குத்தகைக்குக் கேட்டு வந்திருக்கிறார். எல்லாப் புள்ளியும் கையெழுத்துப் போட வேண்டும். “படைப்புக்கு எல்லாரும் வருவாக, அப்பப் பேசுவோம்னு பத்து வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்கோம்” என்று சிரித்தார். அடுப்பைப் பிரித்தவர்களால் கூரையைப் பிரிக்க முடியவில்லை.

திங்கள், கீரமங்கலம் பக்கம்

காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி வழியாகக் காலையிலேயே வந்துவிட்டோம். வழியெல்லாம் பிளெக்ஸ். காதணி விழா மாதிரி சிரித்த முகங்கள், கீழே ‘மொய் விருந்து’, அதற்கும் கீழே விருந்து வைப்பவர்களின் பெயர் வரிசை. பேராவூரணி, வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடி வட்டாரத்தில் ஆடி வந்தால் இதுதான் சீசன். ஒருவர் தனியாக வைத்தால் செலவு அதிகம் என்று பலர் சேர்ந்து ஒரே பந்தலில் வைக்கிறார்கள். சாப்பாடு பொது, மொய் மேசை தனித்தனி.

எங்களை அழைத்தவர் மைத்துனரோடு சவூதியில் வேலை பார்த்தவர். “வாங்க மாப்ள” என்று கையைப் பிடித்து நேராகப் பந்திக்குக் கூட்டிப் போனார். ஆட்டுக்கறிக் குழம்பு, இலை நிறையச் சோறு. சாப்பிட்டவர்கள் கை கழுவிவிட்டு வரிசையாக மொய் மேசைக்கு நகர்கிறார்கள்.

அந்த மேசை அருகே ஒரு மணி நேரம் நின்றேன். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணி உரக்கச் சொல்கிறார். ஒருவர் நோட்டில் ஊர், பெயர், தொகை எழுதுகிறார். மூன்றாமவர் பணத்தைப் பித்தளை அண்டாவில் போடுகிறார். பக்கத்து மேசையில் லேப்டாப், அச்சான ரசீது, நோட்டு எண்ணும் எந்திரம். பணம் கொடுக்கும் ஒவ்வொருவரும், எழுதியது சரியா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் இனிஷியலைத் திருத்தச் சொன்னார். அதே ஊரில் அதே பெயரில் இன்னொருவர் இருக்கிறாராம். அவர் கணக்கில் இது ஏறிவிடக் கூடாதல்லவா?

முறை எளிமையானது. போன முறை நீங்கள் எனக்கு வைத்ததை நான் உங்கள் விருந்தில் திருப்ப வேண்டும். அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து வைத்தால் அது புது மொய், நீங்கள் எனக்குக் கடன்காரர். உறவை முடித்துக்கொள்ள நினைப்பவர் வாங்கியதை மட்டும் வைத்துவிட்டுப் போகலாம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. ஒரு குடும்பம் பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் விருந்து வைக்கிறது. ஐந்து வருஷம் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரே நாளில் மொத்தமாக வாங்குவது. அந்தத் தொகையில் போர்வெல் போடுகிறார்கள், லாரி வாங்குகிறார்கள், பிள்ளையை இன்ஜினியரிங் சேர்க்கிறார்கள், கடை வைக்கிறார்கள்.

எங்களை அழைத்த நண்பர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பக்கத்து இடத்தை எடுத்து பெயின்ட் மிக்சிங் எந்திரம் போடத் திட்டம்.

“பேங்குல கேக்கலாமே மச்சான்?” என்றேன்.

“கேக்கலாம். தொழில் படுத்துச்சுன்னா பேங்க்காரன் கடையைப் பூட்டுவான். இவங்க பூட்ட மாட்டாங்க, அடுத்த விருந்து வரைக்கும் டைம் இருக்கு.”

“அப்ப வராதவங்க?”

“வந்துருவாங்க. வரலைன்னா பொண்டாட்டி வந்துருவா.”

இதைச் சொல்லும்போது அவர் மனைவி பக்கத்தில்தான் நின்றார். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை நோட்டைப் பார்க்காமலே சொல்பவர் அவர்தான். காலையிலிருந்து மூன்று முறை, “கொத்தமங்கலத்துக்காரங்க இன்னும் வரலை” என்று நினைவுபடுத்திவிட்டார். பத்திரிகையில் அவர் பெயர் இல்லை. கடை யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். ஜி.எஸ்.டி. பதிவு மனைவி பெயரில்தானாம், ஆடிட்டர் சொன்ன யோசனை.

எல்லாமே பொன்னாக இல்லை. கஜா புயல் அடித்த 2018க்குப் பிறகு தென்னை போனவர்களால் வாங்கிய மொய்யைத் திருப்ப முடியவில்லை. கையில் காசு இல்லாதவருக்கும் ஆடி பிறந்தால் தினமும் நாலு பத்திரிகை வரும். கடன் வாங்கி மொய் வைப்பவர்கள் உண்டு, அந்தக் கடனுக்கு வட்டியும் உண்டு. வட்டியில்லா முறை என்று மேசையில் சொல்வது சரி. மேசைக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது நோட்டில் இருக்காது. வெளியூரிலிருந்து வந்து பத்து வருஷமாக இங்கே கடை வைத்திருப்பவருக்கு யாரும் பத்திரிகை வைப்பதில்லை, அவர் விருந்து வைத்தால் வர ஆளும் இல்லை. அவருக்கு வங்கிதான்.

பந்தலின் ஓரத்தில் ஒரு வங்கி ஊழியர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அண்டாவில் சேர்ந்ததை எண்ணி டெபாசிட்டாக எடுத்துப் போக வந்தவர். தொழில் பாசத்தில் பேச்சுக் கொடுத்தேன். நண்பரின் கடைக்கு இதே தொகையைக் கடனாகக் கொடுப்பீர்களா என்றேன். மூன்று வருஷ வருமான வரிக் கணக்கு, இட மதிப்பு, கியாரண்டி என்று விரல் விட்டுச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“எங்க சார்?”

“மொய் வைக்கணும். எனக்கு ஆவணி பதினஞ்சு, வடகாட்டுல. நீங்களும் வாங்க.”